மலையேறும் பிள்ளைகள்

சித்திரை பிறந்ததும் ஜம்முவின் அடிவாரக் குன்றுகளில் வெயில் சுடத் தொடங்கும். ஓடைகள் வற்றும். புல் காய்ந்து மஞ்சளாகும். ஆடுகள் மேய்ந்த இடத்தையே மறுபடியும் மேயும். பால் குறையும்.

அப்போது அங்கே ஒரு மக்கள் கூட்டம் மூட்டை கட்டத் தொடங்கும். கூடாரம், பானை, கம்பளி, மக்காச்சோள மாவு, உப்பு எல்லாம் குதிரை மேல் ஏறும். கோழிகளும் ஏறும். மூட்டைக்கு மேல் ஒரு குழந்தையும் ஏறும்.

இவர்களுக்குப் பக்கர்வால் என்று பெயர். 'பக்ரி' என்றால் இந்தியில் ஆடு. ஆடு வளர்ப்பவர்கள் என்பதால் இந்தப் பெயர் வந்தது. வெள்ளாடும் செம்மறியும்தான் இவர்களுடைய சொத்து. சுமை தூக்கக் குதிரையும் கோவேறு கழுதையும் வைத்திருப்பார்கள். சிறுத்தையும் கரடியும் மந்தையை நெருங்காமல் காக்கப் பெரிய நாய்களும் உண்டு. இவர்கள் பேசுவது கோஜ்ரி மொழி. 1991-ஆம் ஆண்டில் அரசு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது.

குளிர்காலத்தில் இவர்கள் ரஜௌரி, ரியாசி, உதம்பூர், கதுவா போன்ற மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகளில் இருப்பார்கள். கோடை வந்தால் பீர் பஞ்சால் மலைத்தொடரைத் தாண்டிக் காஷ்மீரின் உயரமான புல்வெளிகளுக்குப் போவார்கள். சிலர் இன்னும் வடக்கே நடந்து, சோஜி லா கணவாயையும் தாண்டித் திராஸ் வரை போவார்கள். திராஸ் இப்போது லடாக்கைச் சேர்ந்தது. இந்த நடை சில குடும்பங்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும்.

பச்சைப் பிள்ளைகளை ஏன் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்? பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாதா?

பாட்டியும்தான் நடக்கிறாள். வீட்டில் யாருமே மிஞ்சுவதில்லை. பால் தரும் ஆடும் போகிறது. சமைக்கும் பானையும் போகிறது. வீடே நடந்து போகும்போது பிள்ளை மட்டும் எங்கே இருக்கும்?

குட்டியின் வேகம்தான் பிள்ளையின் வேகம்

இந்த நடையில் எல்லோரும் ஒரே வழியில் போவதில்லை. ஆண்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு புல் இருக்கும் சரிவுகள் வழியாகப் போவார்கள். பெண்கள் குதிரைகளையும் மூட்டைகளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நேர்வழியில் போவார்கள். முன்கூட்டியே பேசிவைத்த இடத்தில் போய்க் கூடாரம் அடிப்பார்கள். மந்தை வந்து சேரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

கைக்குழந்தை தாயின் முதுகில் சால்வைக்குள் இருக்கும். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை குதிரை மேல், மூட்டைகளுக்கு நடுவே இருக்கும். விழாமல் இருக்கத் துணியால் கட்டியிருப்பார்கள். குதிரையின் கயிற்றைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்தபடி நடப்பார். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை கொஞ்ச தூரம் நடக்கும், கொஞ்ச தூரம் சவாரி செய்யும். பத்து வயதுப் பிள்ளைக்கு வேலையே கொடுத்துவிடுவார்கள். பின்தங்கும் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வருவது அந்த வேலைகளில் ஒன்று.

குட்டிகளைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். புறப்படும்போது மந்தையில் பிறந்து சில வாரமே ஆன குட்டிகள் நிறைய இருக்கும். அவை வேகமாக ஏறாது. களைத்தால் படுத்துவிடும். அதனால் மந்தை மெல்லத்தான் நகரும். நல்ல புல் கண்ட இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கும். கணவாயில் பனி உருகும் வரை கீழேயே காத்திருக்கும். குட்டிக்காக வைத்த இந்த வேகம் பிள்ளைக்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது. எவ்வளவு பொருத்தம் என்பது மேலே போகப் போகத் தெரியும்.

நடப்பதற்கும் நேரம் உண்டு. விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். மலையில் வெயில் ஏற ஏறப் பனி உருகும். காலையில் முழங்கால் அளவு ஓடும் ஓடை மாலையில் இடுப்பளவு ஆகிவிடும். பிற்பகலில் இடியும் மழையும் வருவதும் வழக்கம். ஆகவே ஓடையைக் காலையில் கடந்துவிட வேண்டும். பிற்பகலில் கூடாரம் நின்றிருக்க வேண்டும். பிள்ளைகளோடு மலைக்குப் போகும் எவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

பழைய பாதை

ரஜௌரி, பூஞ்ச் பக்கத்திலிருந்து காஷ்மீருக்குப் போகும் ஒரு வழி மிகப் பழையது. முகலாய அரசர்கள் வெயிலுக்குத் தப்பிக் காஷ்மீருக்குப் போன வழி அது. அரசர் ஜஹாங்கீர் 1627-இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில்தான் இறந்தார். இன்று அந்த வழியில் வண்டிகள் போகும் சாலை உண்டு. முகலாயர் சாலை என்றே அதற்குப் பெயர். பூஞ்ச் மாவட்டத்தில் பஃப்லியாஸ் என்ற ஊரில் தொடங்கிச் சோபியான் வரை 84 கிலோமீட்டர். நடுவே பீர் கி கலி என்ற கணவாய் இருக்கிறது. அதன் உயரம் ஏறக்குறைய 3,490 மீட்டர்.

அது எவ்வளவு உயரம்? தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் கேரளத்தில் உள்ள ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். அதற்கு மேல் இன்னும் 800 மீட்டர் ஏறினால் பீர் கி கலி வரும். பக்கர்வால் பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு முறை இப்படிப்பட்ட உயரங்களைத் தாண்டுகிறார்கள். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை.

மேலே காற்று ஏன் போதவில்லை?

பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடியில் உள்ள மெத்தை அமுங்கி நெருக்கமாக இருக்கும். மேலே உள்ளது உப்பலாக இருக்கும். காற்றும் அப்படித்தான். கடற்கரையில் மேலே உள்ள காற்று முழுவதும் அழுத்துவதால் காற்று நெருக்கமாக இருக்கும். மலையில் அழுத்தும் காற்று குறைவு. அதனால் அங்கே காற்று மெலிந்திருக்கும்.

நாம் மூச்சு விடுவது காற்றில் உள்ள ஆக்சிஜனுக்காக. கடற்கரையில் ஒரு மூச்சில் 100 பங்கு ஆக்சிஜன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,500 மீட்டர் உயரத்தில் அதே மூச்சில் ஏறக்குறைய 65 பங்குதான் கிடைக்கும்.

உடம்பு இதைச் சமாளிக்கும். முதலில் மூச்சு வேகமாகும், நெஞ்சு வேகமாக அடிக்கும். சில நாளில் உடம்பு கொஞ்சம் பழகும். சில வாரங்களில் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் கூடும். ஆனால் இதற்கெல்லாம் நாள் வேண்டும். நாள் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, வாந்தி, மயக்கம் வரும். இதுதான் மலை நோய். 2,500 மீட்டருக்கு மேல் போனால் எவருக்கும் வரலாம். குழந்தைக்கும் வரும், பெரியவருக்கும் வரும், பயில்வானுக்கும் வரும்.

பெரியவர் தலை வலிக்கிறது என்று சொல்வார். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. அது அழும், நச்சரிக்கும். பால் குடிக்காது, ரொட்டியைத் தள்ளிவிடும். இரவில் தூங்காது. விளையாட்டுப் பொருளைக் கொடுத்தாலும் கையில் வாங்காது. தாய் இதைப் பயணக் களைப்பு என்று நினைத்துவிடலாம். உயரத்தில் இப்படி நடந்தால் முதலில் மலை நோய் என்றே நினைக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறக் கூடாது. அங்கேயே தங்க வேண்டும். ஒரு நாளில் சரியாகாவிட்டால் கீழே இறங்க வேண்டும்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. அவை வந்தால் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, இருமலில் நுரை வருவது, நடை தள்ளாடுவது, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது. இவற்றில் எது வந்தாலும் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இரவானாலும் இறங்க வேண்டும். இறங்குவதுதான் முதல் மருந்து. கீழே போய் மருத்துவரிடம் காட்டலாம். தூங்கட்டும் என்று எந்த மருந்தையும் தாங்களாகக் கொடுக்கக் கூடாது.

அமர்நாத்தில் ஏன் அனுமதி இல்லை?

காஷ்மீரில் அமர்நாத் குகைக் கோயில் இருக்கிறது. கோடையில் நாடு முழுவதிலிருந்தும் மக்கள் போகிறார்கள். குகையின் உயரம் ஏறக்குறைய 3,880 மீட்டர். அந்த யாத்திரையில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். அதே காஷ்மீர் மலைகளில் கைக்குழந்தையோடு பக்கர்வால் தாய் கூடாரம் போட்டிருக்கிறாள். யாத்திரைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் தடை?

விடை நாள் கணக்கில் இருக்கிறது. யாத்திரைக்குப் போகிறவர் சமவெளியில் ரயில் ஏறுகிறார். பிறகு பேருந்து. ஒன்றிரண்டு நாளில் பல்தால் என்ற அடிவார முகாமுக்கு வந்துவிடுகிறார். அங்கிருந்து 14 கிலோமீட்டர் ஏறினால் குகை. சிலர் ஒரே நாளில் போய்த் திரும்புகிறார்கள். உடம்பு பழக நேரமே இல்லை. பக்கர்வால் பிள்ளை அந்த உயரத்துக்கு வரப் பல வாரம் ஆகிறது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று ஏறுகிறது. நடுநடுவே தங்குகிறது. மேலே வரும்போது உடம்பு பழகியிருக்கிறது.

பக்கர்வால் பிள்ளைகளின் உடம்பே தனி, அவர்களுக்கு மலை ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. குளிர்காலம் முழுவதும் அவர்கள் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். மலைப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விடும். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத்தான் பழக வேண்டும். பிள்ளையைக் காப்பது அந்த மெதுவான நடை.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கும் இதையே ஒட்டி வருகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் இடம் முந்தின இரவைவிட 300 முதல் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வு எடுக்க வேண்டும். புல்லுக்காகத் தங்கும் மந்தை தெரியாமலே இந்த விதியைக் கடைப்பிடிக்கிறது!

கேதார்நாத் போகும் குடும்பங்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கோயிலின் உயரம் 3,583 மீட்டர். நடை தொடங்கும் கௌரிகுண்டம் 2,000 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஒரே நாளில் 1,500 மீட்டருக்கு மேல் ஏறுகிறார்கள். தோளில் தூக்கி வந்த பிள்ளைக்குக் கால் வலிக்காது. காற்றுக் குறைவு அதற்கும் உண்டு. பிள்ளையோடு போகிறவர்கள் வழியில் ஓர் இரவாவது இரண்டு இரவாவது தங்கிப் போவது நல்லது. மிகச் சிறிய பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் விட்டுவிட்டுப் போவது அதைவிட நல்லது.

லாரியில் போனால்?

அண்மை ஆண்டுகளில் அரசு பக்கர்வால் குடும்பங்களுக்கு லாரிகளையும் ஏற்பாடு செய்கிறது. வாரக்கணக்கில் நடக்கும் தூரத்தை லாரி ஓரிரு நாளில் கடந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்கும், நடக்க முடியாத கிழவருக்கும், நோயாளிக்கும் இது பெரிய உதவி. நெடுஞ்சாலையில் மந்தை மேல் வண்டி மோதும் ஆபத்தும் குறையும். திடீரென்று பனி விழுந்து நடுவழியில் சிக்கும் துன்பமும் குறையும். சித்திரை, வைகாசியில்கூட அங்கே பனியும் கடும் மழையும் வந்து குட்டிகள் சாவது உண்டு.

ஆனால் லாரியில் போனவர்கள் இறங்கியதும் நேரே உச்சிக்குப் போகக் கூடாது. பள்ளத்தாக்கில் சில நாள் தங்கி, பிறகு சிறிது சிறிதாக ஏற வேண்டும். சாலையில் மிச்சமான நாளில் கொஞ்சத்தை மலைக்குக் கொடுத்தால்தான் பிள்ளை நன்றாக இருக்கும்.

குளிர், வெயில், வயிறு

சுமந்து போகும் பிள்ளைக்குப் பெரிய எதிரி குளிர். இது பலருக்குத் தெரியாது. சுமக்கும் தாய்க்கு வேர்க்கும். 'நல்ல சூடு' என்று அவள் நினைப்பாள். முதுகில் இருக்கும் பிள்ளை கை கால் அசைக்காமல் இருக்கும். அதற்கு உள்ளிருந்து அதிகம் சூடு வராது. சிறிய உடம்பு பெரிய உடம்பைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். பெரிய பாத்திரத்துக் கஞ்சி மெல்ல ஆறும், சின்னக் கிண்ணத்துக் கஞ்சி சீக்கிரம் ஆறும் அல்லவா? அது போலத்தான்.

அதனால் அடிக்கடி நின்று பிள்ளையின் கையையும் காலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் இறக்கிவிட்டு ஓடி ஆட விட வேண்டும். நடக்கத் தெரியாத பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து, ஒரே போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும். நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் கோடையிலும் ஆபத்துதான். தலைக்குக் குல்லாய் மறக்கக் கூடாது.

குளிரோடு வெயிலும் இருக்கும். உயரம் போகப் போக வெயிலின் கடுமை கூடும். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைச் சுடும். கண் சிவந்து, நீர் வழிந்து, திறக்க முடியாமல் போகும். பனி மேல் போகும்போது பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அது இல்லாவிட்டால் தலைத்துணியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டாவது மறைக்க வேண்டும்.

ஓடை நீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். அதை நம்பக் கூடாது. மேலே எத்தனையோ மந்தைகள் மேய்கின்றன. கொதிக்க வைத்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். மலை மேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிப்பது 3,500 மீட்டரில் 88 டிகிரி அளவிலேயே கொதிக்கும். அதனால் அங்கே அரிசியும் பருப்பும் வேக நேரமாகும். குடிநீரைப் பொங்கிக் கொதித்த பிறகும் மூன்று நிமிடம் விட்டு இறக்கினால் போதும்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் நீர் வற்றும். மலையில் மூச்சு வழியாகவும் நீர் போகும். ஆகவே இது வேகமாக முற்றும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி போட்டுக் கரைக்கலாம். கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம் வந்தாலும், பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ஊசி போடும் நாள் எங்கே வரும்?

இதுவரை சொன்னவற்றைப் பக்கர்வால் தாய்மார்கள் அனுபவத்தால் பெரும்பாலும் அறிவார்கள். மலை அவர்களுக்குக் கற்றுத் தந்தது அது. மலை கற்றுத் தராத இரண்டு உண்டு. ஒன்று தடுப்பூசி, இன்னொன்று பள்ளிக்கூடம். இரண்டும் ஓரிடத்தில் இருப்பவர்களை நினைத்து ஏற்பட்டவை. நடக்கும் பிள்ளை அவற்றைத் தவறவிடுகிறது.

ஏப்ரல் முதல் தேதி ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறந்த உடனே போடும் ஊசிகளை ஜம்முவிலேயே போட்டுவிடலாம். அடுத்த ஊசிகள் 6, 10, 14 வாரங்களில். நாளை எண்ணிப் பாருங்கள். ஆறாம் வாரம் மே மாத நடுவில் வரும். அப்போது குடும்பம் நடுவழியில் இருக்கும். பத்தாம் வாரம் ஜூனில் வரும். கணவாய்க்குப் பக்கத்தில் இருப்பார்கள். பதினான்காம் வாரம் ஜூலையில். அப்போது மேலே புல்வெளியில். மூன்று தடவையும் வீட்டில் இல்லை!

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. அது ஜனவரியில் வரும். அப்போது கீழே இருப்பார்கள், கவலை இல்லை. அதன் இரண்டாம் ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள். அடுத்த ஆகஸ்டில் பிள்ளைக்கு 16 மாதம் முடியும். மறுபடி புல்வெளி. ஆனால் இதற்கு அவகாசம் உண்டு. அக்டோபர், நவம்பரில் இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக் கணக்குப் போட ஒரு பொருள் வேண்டும். தாய்-சேய் பாதுகாப்பு அட்டை. எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது, அடுத்தது எப்போது என்று அதில் எழுதியிருக்கும். ஜம்முவில் வாங்கிய அட்டையைக் காஷ்மீரில் காட்டலாம். எந்த அரசு சுகாதார நிலையத்திலும் அடுத்த ஊசியைப் போடுவார்கள். காசு இல்லை. இப்போது யு-வின் என்ற கணினிப் பதிவும் வந்திருக்கிறது. ஆனால் புல்வெளியில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அட்டை கூடாரத்துக்குள்ளேயே இருக்கும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மழை படாமல் மாவு மூட்டைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு ஊசி நாள் தவறிவிட்டால்? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது தெரியாமல், 'தேதி போய்விட்டது, இனி என்ன' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களுக்கும் இந்த விதி ஒன்றுதான்.

நடந்து போகும் பள்ளிக்கூடம்

1970-களில் ஜம்மு காஷ்மீர் அரசு ஒரு புதுமையைத் தொடங்கியது. நடமாடும் பள்ளி என்று அதற்குப் பெயர். ஆசிரியர் மந்தையோடு நடப்பார். மந்தை தங்கும் இடத்தில் பள்ளி நடக்கும். ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே மரத்தடியில் உட்காரும். மழை வந்தால் கூடாரத்துக்குள் போகும்.

யோசனை நல்ல யோசனை. ஆனால் மலையில் இது எளிதாக நடக்கவில்லை. மந்தைகள் ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஒரு குழு இந்தப் புல்வெளிக்குப் போகும், இன்னொரு குழு அடுத்த மலைக்குப் போகும். நடுவே ஒரு நாள் நடை. ஓர் ஆசிரியர் எத்தனை மலைக்குப் போவார்? ஊரில் வீடு உள்ள ஆசிரியர் ஆறு மாதம் கூடாரத்தில் இருக்கத் தயங்குவதும் உண்டு.

அதனால் கோடைகாலப் பள்ளிகள் என்ற இன்னொரு ஏற்பாடும் வந்தது. மேய்ச்சல் நிலத்திலேயே ஏறக்குறைய ஆறு மாதம் நடக்கும் பள்ளி அது. அந்தச் சமூகத்திலேயே படித்த இளைஞர்களை அதற்கு ஆசிரியர்களாக அமர்த்துகிறார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. பிள்ளைக்கு வீட்டில் தெரிந்தது கோஜ்ரி. பாடப் புத்தகம் உருதுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கோஜ்ரி தெரிந்த ஆசிரியர் நடுவில் நின்று சொல்லிக்கொடுக்க முடியும். அவர் கூடாரத்துக்கும் புதியவர் அல்ல.

ஆனாலும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஜம்மு காஷ்மீரில் நூற்றுக்கு 67 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அங்கே பழங்குடியினரில் நூற்றுக்கு 51 பேர்தான். பழங்குடிப் பெண்களை மட்டும் எடுத்தால் 40 பேர்.

இதனால் சில குடும்பங்கள் இப்போது இரண்டாகப் பிரிகின்றன. பெரிய பிள்ளைகளை விடுதியில் சேர்க்கிறார்கள், அல்லது உறவினரோடு ஜம்முவில் விட்டுவிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் மட்டும் மேலே போகிறார்கள். படிப்புக்கு இது நல்லது. ஆனால் குட்டியைத் தூக்கி வரும் கை குறைகிறது. தாய்க்கும் ஆறு மாதம் பிள்ளையின் முகம் தெரியாது. விடுதியில் பையன்களை விடுவார்கள், பெண்பிள்ளையைக் கூடவே கூட்டிப் போவார்கள். அதனால் மேலே நடக்கும் பள்ளி ஒழுங்காக நடந்தால்தான் பெண்பிள்ளைகள் படிக்க முடியும். விடுதி கட்டியாகிவிட்டது, இனிக் கோடைப் பள்ளி எதற்கு என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பெண்பிள்ளைகளைக் கணக்கில் எடுக்கவில்லை.

6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009-இல் சட்டம் வந்தது. 2019-க்குப் பிறகு ஜம்மு காஷ்மீருக்கும் அது பொருந்தும். ஆண்டின் நடுவில் வந்தாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டவும் கூடாது.

புரட்டாசி வந்தால் உயரத்தில் புல் பழுக்கும். இரவில் ஓடைக் கரையில் பனிக்கட்டி படியும். மந்தை இறங்கத் தொடங்கும். பிள்ளைகளும் வந்த வழியே இறங்குவார்கள். இறங்குவதால் காற்றுக் கவலை இல்லை. கோடைப் பள்ளி ஆசிரியர் வருகைப் பதிவேட்டையும், யார் எந்தப் பாடம் வரை படித்தார்கள் என்ற குறிப்பையும் கையில் கொண்டு வருவார். கீழே உள்ள பள்ளித் தலைமையாசிரியர் அதைப் பார்த்து, மேலே மூன்றாம் வகுப்புப் பாடம் முடித்த பிள்ளையை நான்காம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும்.